ஏழாவது தலைவர்

செத்தவரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக மயிலம்மாள் பழைய வேட்டியின் கரையைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, கிராணி நல்லசாமி வாசலில் வந்து நின்று செருமினார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற மனுசர் தொழிலாளர் லயத்துப் பக்கம் கால் வைத்தால், ஒன்று சம்பளத்தில் கைவைத்திருப்பார்கள், இல்லையென்றால் யாருக்காவது சாவுச் செய்தி வந்திருக்கும். இந்த வீட்டில் சாவு விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படியும் அவர் முகம் சரியில்லை என்றால் அதற்கு மேலும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

துணியைப் பக்கத்திலிருந்த பஞ்சாலை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

"மயிலம்மா, நேத்து கோலா சாவா ரோட்டுல நம்ம ரப்பர் லோரிய காட்டுக்காரனுங்க சுட்டுட்டானுங்க, தெரியுமில்ல? தொரைக்கு போன் வந்திருக்கு. இன்னிக்கு லயம் பூரா போலீஸ் சோதனையாம். சாவு வீடுன்னெல்லாம் பாக்க மாட்டானுங்க."

"பொணம் எடுக்குறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடியேதான்லா. கேட்டத் தாண்டிப் பொணப் பொட்டி போனா உள்ள என்ன போகுதுன்னு அவனுங்களுக்குத் தெரியணும்ல." கிராணி குரலைத் தாழ்த்தினார். "போன தடவ இந்த வீட்டுல ஆறு பொஸ்தகம் பாத்து எழுதிக்கிட்டுப் போனானுங்க. அந்த ஆறும் இருக்கணும். இல்லாட்டி எங்க போச்சுன்னு கேப்பானுங்க. அதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சுன்னு வையி, ஒன் மகனத் தூக்கிருவானுங்க. வீரமுத்துவ இனிமே எங்க தூக்குறது."

கடைசியாகச் சொன்னது எப்படிக் கேட்டது என்று அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். உள்ளே கிடந்தவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

புருசன் செத்து இன்னும் ஒரு பொழுது முழுசாக அழவில்லை. அதற்குள் இது. மகன் அரசு, தோட்டத்துப் பாஸ் வாங்கிக்கொண்டு ரந்தாவு டவுனுக்குச் சவப்பெட்டி சொல்லப் போயிருந்தான். பத்தொன்பது வயசு. அப்பனைப் போலவே நெட்டுக்குத்தாக நிற்பான். அப்பனைப் போலவே, கேட்டால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். அவன் வயசுப் பையன்களைத்தான் லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலபேரை இந்தியாவுக்கு, ஊருக்கே கப்பல் ஏற்றிவிட்டதாகவும் பேச்சு. அவன் பிறந்ததே இந்த லயத்தில்தான். எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?

எல்லாம் இந்த மனுசனால் வந்தது.

வீரமுத்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்தான். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தலைவர்களின் வாழ்க்கைக் கதை என்று எழுதியிருந்தால் போதும், வெற்றிலை போடுவதை விட்டாவது வாங்கிவிடுவார். சாமி புத்தகம் வேண்டாம், ராஜா ராணிக் கதை வேண்டாம். ஒருத்தன் எந்த ஊரில் பிறந்தான், எந்தக் கப்பல் ஏறினான், எந்த ஜெயிலில் கிடந்தான், அதுதான் வேண்டும். சாயங்காலமானால் பைப்படியில் பத்துப் பேர் கூடுவார்கள். இவர் சத்தமாகப் படிப்பார். தான் மட்டும் முன்கூட்டியே ஒரு வரிகூடப் பார்க்க மாட்டார். "மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டா கொரலு காட்டிக் குடுத்துரும்" என்பார். கேட்கிறவர்களோடு சேர்ந்து தானும் அடுத்த பக்கத்துக்காகக் காத்துக் கிடப்பதில் அப்படி ஒரு சந்தோசம் அவருக்கு.

காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களைப் பிடிக்க அவசரகாலம் என்றார்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது, கேட் வந்தது, ஊரடங்கு வந்தது. அப்படியும் மனுசன் அடங்கவில்லை. பைப்படியில் படித்ததை வீட்டுக்குள் உட்கார்ந்து படித்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆறுமுகம் சிரம்பானிலிருந்து அந்த ஏழாவது புத்தகத்தைக் கொண்டுவந்தான். வேறு ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டிய தலைவரின் கதை. அந்தத் தலைவரை ஜெயிலில் போட்ட இடம்வரைக்கும் படித்திருந்தார்கள். மறுநாள் போலீஸ் வந்து வீரமுத்துவையும் ஆறுமுகத்தையும் ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. வீரமுத்து இரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டார். ஆறுமுகம் வரவில்லை. இரண்டு தீபாவளி போய்விட்டது. ஏதோ ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான் என்கிறார்கள்.

திரும்பி வந்தவர் சும்மாவா வந்திருப்பார் என்று லயம் பேசியது. ஆறுமுகத்தின் பெண்சாதி வள்ளிநாயகி பேசவில்லை. அவள் இந்த வீட்டோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

மயிலம்மாள் பின்கட்டுக்குப் போய்ச் சமையல் அறைக் கதவைச் சாத்தினாள். அடுப்புக்குப் பின்னால் கோணிப்பையில் ஏழு புத்தகங்களும் இருந்தன. ஆறு பலகையிலும் ஒன்று விறகுக்குப் பின்னாலும் இருந்தவரை குழப்பமில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, எல்லாவற்றையும் தலைமாட்டுக்குக் கொண்டுவா என்று ஒரே பிடிவாதம். படிக்கக் கண்ணில் தெம்பில்லை. சும்மா தடவிக்கொண்டு கிடந்தார். ராத்திரி இருமல் கொஞ்சம் ஓய்ந்தபோது, "எரிச்சிராத புள்ள, தம்பிக்குக் குடு" என்று மகனைச் சொன்னார். அதுதான் அவர் கோர்வையாகச் சொன்ன கடைசிப் பேச்சு. விடியற்காலைப் பிரட்டு மணி அடித்து, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் போன நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. ஆட்கள் வருவதற்கு முன் அவள் எல்லாவற்றையும் அள்ளிக் கோணியில் போட்டாள்.

இப்போது ஏழையும் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு முழித்தாள். போலீஸ் விட்டு வந்த வாரமே அவர் எல்லாப் புத்தகத்துக்கும் சிமெண்டுச் சாக்குத் தாளில் ஒரே மாதிரி அட்டை போட்டிருந்தார். உள்ளே இருந்த படங்களையும் கிழித்துவிட்டார். பார்க்கிறவனுக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியக்கூடாதாம். தெரியவில்லைதான். அவளுக்கும் தெரியவில்லை. மயிலம்மாளுக்கு அ, ஆ கிடையாது.

கையில் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அவர் தேய்க்கும் தைல வாசம்தான் அடித்தது. அவளுக்கு இந்தக் கதைகள் தெரியாமல் இல்லை. மீன் கழுவிக்கொண்டே, மாவு பிசைந்துகொண்டே அத்தனையும் கேட்டவள்தான். ஆனால் அவள் காதில் எல்லாத் தலைவரும் ஒரே ஆளாகச் சேர்ந்துபோயிருந்தார்கள். ஒரு கிராமத்தில் பிறந்தார், கப்பல் ஏறினார், பெரிய படிப்புப் படித்தார், ஏழைகளைப் பார்த்து மனசு கேட்கவில்லை, ஜெயிலுக்குப் போனார், பட்டினி கிடந்தார், அவர் உள்ளே இருக்கும்போது பெண்சாதி சீக்கில் விழுந்தாள். எல்லாரும்தான் ஜெயிலுக்குப் போனார்கள். இதில் எந்த ஜெயில் நல்ல ஜெயில், எந்த ஜெயில் கெட்ட ஜெயில் என்று போலீஸுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஏழையும் எரிக்க முடியாது. ஆறு இருந்தாக வேண்டும். எரித்தால் அந்த ஒன்றைத்தான் எரிக்க வேண்டும். மாற்றி எரித்துத் தொலைத்தால் தன் கையாலேயே மகனுக்கு விலங்கு மாட்டின மாதிரி. யாரைக் கேட்பது? கிராணியிடம் காட்டினால் துரையிடம் காட்டியதுபோல. மற்றவர்களில் யார் யாருடைய ஆள் என்று இந்தக் காலத்தில் யார் கண்டது? முகமூடி போட்ட ஒருத்தனைப் போலீஸ் கொண்டுவந்து நிறுத்த, அவன் தலையை ஆட்டினதும் ஆளைப் பிடித்துப்போன கதையெல்லாம் லயத்தில் நடந்திருக்கிறது.

வாசலில் ஒப்பாரி உரத்தது. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள். மயிலம்மாள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். வள்ளிநாயகி. பிணத்தின் பக்கத்தில் போகாமல், அழாமல், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு முடித்தவள் அவள். இந்த வீட்டைக் கவிழ்க்க வேண்டும் என்று நினைக்க லயத்தில் ஒருத்திக்குக் காரணம் இருக்கிறதென்றால் அதுவும் அவள்தான்.

யோசிக்க நேரமில்லை. மயிலம்மாள் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வள்ளி, உள்ள வா."

"எதுக்கு?"

"வா சொல்றேன். அப்புறம் என்னைய என்ன வேணாலும் பேசிக்க."

பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு மயிலம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கிராணி வந்தது, ஆறு இருக்கவேண்டியது, ஏழாவது இருக்கக்கூடாதது, மகன் அரசு. வள்ளி குந்தி உட்கார்ந்து தரையில் கிடந்ததையே பார்த்தாள்.

"ஆறுதான அண்ணி இருக்கும். ஏழாவது ஏது? அதத்தான் அண்ணன் போலீசுக்கு எடுத்துக் குடுத்துட்டாரே."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அத குடுக்காமத்தான் அண்ணன விட்டாங்களா?"

மயிலம்மாள் ஒரு புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். வள்ளி வேண்டாவெறுப்பாகப் பிரித்தாள். எழுத்துக் கூட்டி ஒரு வரி படித்தாள். வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டு யாரோ ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். தள்ளிவைத்தாள். அடுத்ததில் யாரோ கடலில் குதித்து நீந்தினார்கள். அதற்கடுத்ததில் ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே, "மயிலு எங்கடி போயிட்டா, பொணத்த குளிப்பாட்ட வேணாமா" என்று பஞ்சாலையின் சத்தம் கேட்டது.

ஐந்தாவதைப் பிரித்த வள்ளி படிக்கவில்லை. முதல் பக்கத்தின் மூலையில் விரலை வைத்தபடி இருந்தாள்.

"என்னடி?"

"எங்கூட்டுக்காரரு பேரு." வள்ளி மூக்கை உறிஞ்சினாள். "அவரு கையெழுத்து. 'ஆ'வுக்கு இப்பிடித்தான் வாலு இழுப்பாரு."

மயிலம்மாள் சொன்னாள். "ரெண்டு நாளும் நிக்க வச்சே கேட்டாங்களாம், பொஸ்தகம் எங்க, யாரோடதுன்னு. சொல்லல. ரத்தமா இருமிக் கீழ விழுந்துட்டாருன்னுதான் அனுப்பிட்டாங்க. வெளிய சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. பொஸ்தகம் இங்கதான் இருக்குதுன்னு தெரிஞ்சா ஆறுமுகத்த இன்னும் போட்டு வதைப்பாங்கன்னு பயம் அவருக்கு."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீ எங்க பேசுன?"

வள்ளி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. மயிலம்மாளுக்கும் அப்போதுதான், விடிந்ததிலிருந்து வராத அழுகை ஒரேயடியாக முட்டிக்கொண்டு வந்தது. வந்த அழுகையை விழுங்கினாள். இதற்கெல்லாம் இப்போது நேரம் ஏது?

அடுப்பில் பெரிய பானையை ஏற்றித் தண்ணீர் ஊற்றினாள். பிணத்தைக் குளிப்பாட்ட யாரும் வெந்நீர் போட மாட்டார்கள். பஞ்சாலை அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வள்ளி புத்தகத்தின் மேல் முந்தானையைப் போட்டு மூடினாள்.

"என்னடி இது கூத்து? செத்தவருக்கு வெந்நியா?"

"அவருக்குப் பச்சத் தண்ணி ஆகாதுக்கா. இருமல் வந்துரும்."

பஞ்சாலை அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். பாவம், புருசன் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். மயிலம்மாள் ஒரு பிடி சாம்பிராணியை நெருப்பில் போட்டாள்.

"கிழிச்சுப் போடு."

வள்ளி பேர் எழுதிய பக்கத்தை முதலில் கிழித்து நெருப்பில் வைத்தாள். அது சுருண்டு கறுத்து அடங்கும்வரை கண்ணெடுக்கவில்லை. அதன் பிறகு நாலு நாலு தாளாகக் கிழித்துப் போட்டாள். அட்டை போயிற்று, அந்தத் தலைவரின் பால்ய வயசு போயிற்று, துறைமுகம் போயிற்று. மயிலம்மாள் வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்தாள். வாசலில் யாராவது புதிதாக வந்தால் கட்டிக்கொண்டு இரண்டு வரி அழுவாள், அடுத்த நிமிசம் உள்ளே ஓடிவருவாள். மூன்றாவது தடவை வந்தபோது நெருப்பு தணிந்திருந்தது. வள்ளியின் கையில் ஒரே ஒரு தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்னடி பண்ற?"

"ஜெயில்ல போட்டுட்டாங்கண்ணி. நாம இதுவரைக்குந்தான் கேட்டோம்."

"படிக்கிற நேரமாடி இது? போடு நெருப்புல."

"இரு. அவரு பொண்டாட்டி வாரா வாரம் ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு ஜெயில் வாசல்ல வந்து நிக்கிறா. உள்ள விட மாட்டேங்கிறாங்க."

அந்தத் தாளைப் போட்டாள். அடுத்த தாளைக் கிழித்தாள். அதையும் படித்துவிட்டுத்தான் போட்டாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு தாளுக்கு அவ்வளவு நேரம். மயிலம்மாளுக்கு அவள் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது. கையை நீட்டவும் செய்தாள். வள்ளி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிய வந்தாரா இல்லியான்னு தெரியாம எப்பிடிண்ணி போடுறது?"

மயிலம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இதே வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இவள் தனியாகப் படுத்துக் கிடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். இருமல் சத்தம் அங்கே கேட்டிருக்கும். விசும்பல் சத்தம் இங்கே கேட்டது. இரண்டு பக்கமும் கேட்காத மாதிரியே இருந்தார்கள்.

கேட் பக்கம் லோரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாய்கள் குரைத்தன. வரிசையின் முதல் வீட்டில் தகரம் உருளுகிற சத்தம்.

"வந்துட்டானுங்க வள்ளி. எத்தன தாளு இருக்கு?"

"கொஞ்சந்தான்."

"சட்டுனு."

மயிலம்மாள் மற்ற ஆறையும் அள்ளிப் பலகையில் அடுக்கினாள். ஒன்று கீழே விழுந்தது; எடுத்து வைத்தாள். வாசலில் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாதீர்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? தானே போய் நடுவில் உட்கார்ந்து, "ஏன் சாமி என்னைய விட்டுட்டுப் போன" என்று பெருங்குரலெடுத்தாள். எடுத்த பிறகு அது நடிப்பாக இல்லை. பஞ்சாலையும் மற்றவர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

சோதனைக்கு வந்த போலீஸ் சார்ஜன் ஒரு வயசான மலாய்க்காரர். வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரன் நேராகப் பலகைக்குப் போய் ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்துப் பெயரைப் படித்தான், பழைய காகிதம் ஒன்றோடு ஒத்துப் பார்த்தான். இன்னொருவன் பாயைத் தூக்கினான், அரிசி டின்னைத் தட்டினான்.

"இனி சாஜா?" இவ்வளவுதானா என்று சார்ஜன் மலாயில் கேட்டார்.

மயிலம்மாள் தலையை ஆட்டினாள். அவர் பின்கட்டுக்கு நடந்தார். எழுந்து பின்னாலேயே போனாள்.

வள்ளி அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். கை வெறுமையாக இருந்தது. நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கரியாகிப்போன தாள் ஒன்று சுடுகாற்றில் எழும்பிப் பானைத் தண்ணீரில் விழுந்தது. சார்ஜன் அதைப் பார்த்தார். சாம்பிராணி வாசனையையும் மீறி எரிந்த காகிதத்தின் வாடை இருந்தது.

"ஆயிர் பானாஸ்," என்றாள் மயிலம்மாள். வெந்நீர். அதற்கு மேல் மலாய் வரவில்லை. முன்கட்டில் கிடந்தவரைக் கையால் காட்டி, "மண்டி" என்றாள். குளிக்க.

சார்ஜன் முன்கட்டைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். அடுப்பைக் கிளறச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மயிலம்மாளுக்குக் கடைசிவரை தெரியாது. தொப்பியைக் கையில் வைத்தபடியே வெளியே போய், அடுத்த வீட்டைக் காட்டினார். வள்ளியின் வீடு. அங்கே உருட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

மயிலம்மாள் சுவரில் சாய்ந்தாள்.

"வந்தாரா?" என்று கேட்டாள்.

வள்ளி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி காஞ்சிருச்சு அண்ணி. எறக்கிக்க."

அரசு வெயில் ஏறிய பிறகு பெட்டியோடு வந்து சேர்ந்தான். வரும்போதே போலீஸ் லோரியை வழியில் பார்த்திருக்கிறான். "என்னம்மா, சோதன பண்ணாங்களா, எதுவும் எடுத்தாங்களா" என்று படபடத்தான். "ஒண்ணும் எடுக்கல. அப்பா பொஸ்தகமெல்லாம் பலகையில இருக்கு, ஒனக்குத்தான்" என்றாள். அவன் பலகையைப் பார்த்தான். எண்ணிப் பார்த்தானோ என்னவோ, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். வீரமுத்துவின் மார்பு எலும்புகளின் மேல் தண்ணீர் ஆவி பறக்க ஓடியது. இனி வாய்க்கரிசி. முன்பெல்லாம் ஆண்கள் இடுகாட்டில் போடுவார்கள். இப்போது கேட்டைத் தாண்டி ஒரு மணி அரிசி போகக்கூடாது என்பது சட்டம், காட்டிலிருப்பவனுக்குப் போய்விடுமாம். அதனால் எல்லோருமே லயத்து வாசலில் போட்டு முடித்துவிட வேண்டும். பங்கீட்டு அரிசியில் ஒரு சுண்டு எடுத்துப் பஞ்சாலை தட்டில் வைத்திருந்தாள். மயிலம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அரசு போட்டான். பங்காளிகள் போட்டார்கள். பிறகு பெண்கள்.

வரிசையில் வள்ளிநாயகி வந்தபோது சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தட்டிலிருந்து அரிசியை எடுத்தாள். குனிந்தாள். மற்றவர்களைப் போலப் போட்டதும் நகர்ந்துவிடவில்லை. வீரமுத்துவின் காதோரம் முகத்தைக் கொண்டுபோனாள்.

"வெளிய வந்துட்டாருண்ணே," என்றாள்.

மயிலம்மாளுக்கு மட்டும்தான் அது கேட்டது. நிமிர்ந்து வள்ளியின் கண்களைத் தேடினாள். வள்ளி அதற்குள் திரும்பிவிட்டாள். அடுத்தவள் அரிசியோடு வந்து நின்றாள்.

வீரமுத்துவின் கீழுதட்டில் இரண்டு மூன்று அரிசியோடு, வள்ளியின் விரலிலிருந்த அடுப்புக்கரி ஒரு கோடாக ஒட்டியிருந்தது. பஞ்சாலை அதைப் பார்த்துவிட்டு, துடைத்துவிடச் சொல்லி ஈரத்துணியை நீட்டினாள். மயிலம்மாள் துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியை மூடும்வரை அது அவள் மடியிலேயே இருந்தது.